பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2006ஆம் ஆண்டு மாடல் மாருதி ஆல்ட்டோ இருக்கிறது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றுவதற்காகப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். வண்டியை நிறுத்திய சில நிமிடங்களிலேயே மெக்கானிக் அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் பீய்ச்சியடித்து அவர் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது. "இது எப்போதும் வருவதுதான்" என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் இவ்வளவு அழுத்தம் எப்படி இருக்கிறது? அடுத்த முறை நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். அழுத்தத்தைப் பாதுகாப்பாக இறக்குவது எப்படி?
- வாசகர், திருச்சி

பதில்: எப்போதும் வருவதுதான் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அன்று இது. அந்த மெக்கானிக்கின் கண்ணுக்கு எதுவும் ஆகாமல் போனதும், பக்கத்தில் தீப்பொறி எதுவும் இல்லாமல் இருந்ததும் அவருடைய நல்ல நேரம். அன்றாடம் செய்யும் வேலையை நல்ல நேரத்தை நம்பிச் செய்யக் கூடாது. அதுவும் சில நிமிட வேலையால் தவிர்த்துவிடக்கூடிய ஆபத்துக்கு அப்படி இடம் கொடுப்பது முறையே இல்லை.

முதலில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். பழைய கார்புரேட்டர் கார்களில் எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் சிறிய பம்ப் ஒன்று ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளியது. குழாயைக் கழற்றினால் கொஞ்சம் சொட்டும், அவ்வளவுதான். பட்டறைகளில் இன்றும் காணப்படும் அலட்சியம் அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன். உங்களுடையதைப் போன்ற எம்பிஎஃப்ஐ கார்களில், அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் எனும் தெளிப்பான்கள் பெட்ரோலைச் செலுத்தும் கார்களில், டாங்கிற்குள் மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்ப், பெட்ரோலை ஏறத்தாழ 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எஞ்சினுக்கு அனுப்புகிறது. உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைவிட இது அதிகம். எஞ்சினை நிறுத்தியதும் பம்ப் நின்றுவிடும். ஆனால் பம்ப்பிலுள்ள ஒருவழி வால்வு மூடிக்கொண்டு, குழாயில் உள்ள பெட்ரோல் டாங்கிற்குத் திரும்பாமல் தடுத்துவிடும். மறுமுறை சாவியைத் திருப்பியவுடன் வண்டி கிளம்ப வேண்டும், வெயிலில் நிற்கும்போது குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. ஆகவே ஆரோக்கியமான காரில் எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும். "இரவு முழுக்க நிறுத்தி வைத்தேன், இறங்கியிருக்கும்" என்ற கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

இந்த அழுத்தத்தைக் கையால் திறந்துவிட முயலாமல், எஞ்சினே அந்தப் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும்படி விடுவதுதான் சரியான வழி. பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் இன்ஜெக்டர் வழியாக எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் பரவும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகிறது என்பதால் நம் ஊர் வெயிலில் எந்த நேரமும் அது ஆபத்தான நிலையில்தான் இருக்கும். மூடிய கார் ஷெட்டிலோ, பட்டறைப் பள்ளத்திலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். வீட்டு முகப்பில் நிறுத்துவதானால், அதை ஒட்டி இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறதா, சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறதா, மாடத்தில் விளக்கோ ஊதுவத்தியோ எரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். கண்ணாடி பல்பு பொருத்திய கைவிளக்கு வேண்டாம், ஏனெனில் பெட்ரோல் தெறித்துப் பல்பு உடைந்தால் அதுவே தீ மூட்டிவிடும். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்களை முழுமையாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். சூடான எஞ்சினை இப்படிப் பெட்ரோல் இல்லாமல் அடங்கவிட்டால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கெடுதல் நேரலாம். சூடான புகைபோக்கிக் குழாய் பக்கத்தில் இருக்கும்போது பெட்ரோல் இணைப்பைத் திறப்பதும் ஆகாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெட்ரோல் டாங்க் மூடியை ஒருமுறை திறந்து, உள்ளே அடைபட்ட ஆவி 'புஸ்' என்று வெளியேறிய பின் மறுபடி மூடிவிடுங்கள்.

அடுத்து, பம்ப்பின் ஃபியூஸ் அல்லது ரிலே (பம்ப்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு மின்சுவிட்ச்) எங்கே இருக்கிறது என்று வண்டியோடு வந்த கையேட்டிலோ ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ பாருங்கள். அதைப் பிடுங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை: சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும்போது, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'உம்ம்' என்று பம்ப் இரைவது கேட்கும். சாவியை அணைத்து, ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். இரைச்சல் இல்லையென்றால் சரியானதைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

இப்போது எஞ்சினைக் கிளப்புங்கள். முதலில் எதுவும் நடக்காததுபோல் சீராக ஓடும். பிறகு ஐடிலிங் தள்ளாடும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடமாகியும் ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் எடுத்தது வேறு ஃபியூஸ். நின்ற பிறகு, ஒவ்வொரு முறையும் மூன்று விநாடிக்கு மேல் போகாமல், இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடியுங்கள். மிச்சம் மீதி அழுத்தமும் அதில் போய்விடும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில வண்டிகளில் ஒரே ஃபியூஸ் பம்ப்புக்கும் எஞ்சினின் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து மின்சாரம் தரும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. "கிளம்பவில்லை, ஆகவே பெட்ரோல் தீர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டிக் குழாயைக் கழற்றினால், முழு அழுத்தத்தோடும் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். கிளம்பி, ஓடி, தானாக அடங்கினால் மட்டுமே அழுத்தம் இறங்கியதாகக் கொள்ள வேண்டும். கிளம்பவே இல்லையென்றால் ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, சாவி அணைந்த நிலையில் பம்ப்பிலேயே உள்ள மின்இணைப்பைக் கழற்றி முயலுங்கள்.

இதன் பிறகு சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை இல்லாத இந்த நேரத்தில்தான் அதைக் கழற்ற வேண்டும். முனையைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சிறு பொறி பறக்கும் என்பதால், குழாயைத் திறந்துவிட்டுப் பிறகு பேட்டரியைத் தொடுவது தவறான வரிசை. சில கார்களில், குறிப்பாக ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களில், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாலே பம்ப் ஒரு நொடி ஓடி அழுத்தத்தை ஏற்றி வைக்கும். நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது வீட்டுப் பிள்ளைகள் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஃபில்டர் வண்டிக்கு அடியில் இருப்பதால், ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே படுங்கள். முகம் இணைப்புக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. பழைய பருத்தித் துணியை இணைப்பின் மீது சுற்றிப் பிடித்துக்கொண்டு, மரையுள்ள இணைப்பாக இருந்தால் கால் சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்துங்கள். 'சிஸ்' என்று ஏதாவது வந்தால் அது அடங்கும்வரை காத்திருந்து பிறகு தொடருங்கள். இரண்டு பக்கக் காதுகளை அழுத்திக் கழற்றும் பிளாஸ்டிக் கிளிப் இணைப்பில் இப்படிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வழியில்லை. அது ஒரேயடியாகத்தான் கழன்று வரும். எனவே அத்தகைய இணைப்பில் அழுத்தம் இறங்கியது உறுதியான பின்னரே கை வைக்க வேண்டும். முதலில் குழாயை உள்நோக்கிச் சற்றுத் தள்ளி, காதுகளை அழுத்தி, பிறகு இழுத்தால் எளிதாக வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப் உடைந்து, புதுக் குழாயே வாங்க வேண்டியதாகிவிடும்.

அழுத்தம் இறங்கிவிட்டது என்பதற்குக் குழாய் காலியாகிவிட்டது என்று பொருளில்லை. ஃபில்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும். டாங்கில் பெட்ரோல் மட்டம் குழாயைவிட உயரமாக இருந்தால் தானாகவே வடிந்துகொண்டும் இருக்கலாம். டாங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. கீழே ஒரு உலோகத் தட்டை வைத்துப் பிடித்து, மூடியுள்ள பெட்ரோல் கேனில் ஊற்றி வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்து யாராவது குடித்துவிடக் கூடும்.

புதிய ஃபில்டரின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். செம்பு வாஷர் இருந்தால் புதியது போடுங்கள்; பழையது ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி அடைக்காது. கிளிப் இணைப்பாக இருந்தால் 'டக்' என்ற ஒலி கேட்ட பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரப்பர் குழாயை மாற்றுவதாக இருந்தால் கார்புரேட்டர் வண்டிக்கான சாதாரணக் குழாயை வாங்காமல், இன்ஜெக்ஷன் வண்டிகளுக்குரிய ஜே30ஆர்9 தரக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய ரப்பர் விரைவில் ஊறி வெடிக்கும் என்பதால் இதில் சிக்கனம் பார்ப்பது சரியன்று.

எல்லாவற்றையும் துடைத்து, வாடை முழுவதும் போன பிறகு ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டுங்கள். உடனே செல்ஃப் அடிக்காமல், சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி இரண்டு விநாடி பம்ப்பை ஓடவிட்டு அணையுங்கள்; மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் குழாயில் அழுத்தம் ஏறிவிடும். அப்போதே அடியில் குனிந்து, உலர்ந்த காகிதத்தால் இணைப்பைத் துடைத்துப் பாருங்கள். நனைந்தால் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். நனையவில்லை என்றால் கிளப்பி, ஓடும்போது ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் பாருங்கள்.

கேள்வி: என் காரில் பம்ப் செத்துவிட்டது, வண்டி கிளம்பவில்லை. எஞ்சினை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கும் வழி எனக்குப் பயன்படாது அல்லவா? பம்ப்பைக் கழற்ற வேண்டும், என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: வண்டி கிளம்பவில்லை என்று தெரிந்துகொள்வதற்குள் நீங்கள் பல முறை செல்ஃப் அடித்திருப்பீர்கள். எஞ்சின் சுழன்றபோதெல்லாம் இன்ஜெக்டர்கள் திறந்து, குழாயில் இருந்த அழுத்தத்தில் பெரும்பகுதியை வெளியேற்றியிருக்கும். ஆனால் பேட்டரி இறங்கியோ செல்ஃப் மோட்டார் பழுதாகியோ எஞ்சின் சுழலவே இல்லையென்றால் நிலைமை வேறு; அழுத்தம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உறுதியாகத் தெரியாதபோது இருப்பதாகவே கொள்வது நல்லது. ஓர் இரவு ஆறவிட்டு, பேட்டரியைக் கழற்றி, டாங்க் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றி, தடித்த துணியை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு மெல்லத் திறக்க வேண்டும். சில வெளிநாட்டு மாடல்களில் எஞ்சின் மேலுள்ள ஃபியூயல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயில், டயர் வால்வைப் போன்ற சிறு வால்வு ஒன்று இருக்கும். அழுத்தமானியின் குழாயை அதில் பொருத்தி, பெட்ரோலைக் கேனில் வடிக்கலாம். ஆணியாலோ ஸ்க்ரூடிரைவராலோ அந்த வால்வைக் குத்திப் பீய்ச்சவிடுவது, நீங்கள் தவிர்க்க விரும்பும் ஆபத்தை நீங்களே வரவழைப்பதாகும். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான சிறு கார்களில் இந்த வால்வு கிடையாது.

கேள்வி: என்னிடம் ஹூண்டாய் வென்யூ 1.0 டர்போ ஜிடிஐ இருக்கிறது. இதற்கும் இதே முறைதானா? ஃபியூஸை எடுத்து எஞ்சினை அணையவிட்டால் இன்ஜெக்டர் குழாயைக் கழற்றலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கழற்றாதீர்கள். உங்களுடையது நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின், அதாவது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. டாங்கில் உள்ள பம்ப்பிலிருந்து வருகிற பெட்ரோலை, கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் இரண்டாவது பம்ப் ஒன்று மீண்டும் அழுத்துகிறது. ஐடிலிங்கில்கூட 50 பார் அளவில் இருக்கும் அழுத்தம், முடுக்கும்போது இத்தகைய எஞ்சின்களில் 200 பார், அதாவது ஏறத்தாழ 2,900 பிஎஸ்ஐ வரை போகும். புதிய எஞ்சின்கள் சில 350 பாரையும் தொடுகின்றன. ஃபியூஸை எடுத்து எஞ்சினை அடங்கவிட்டால் டாங்க் பக்கக் குழாயில் அழுத்தம் இறங்கும். ஆனால் உயர் அழுத்தப் பக்கத்தில் மிச்சம் இருக்கக்கூடும். அதுமட்டுமன்று, சூடான எஞ்சினை நிறுத்திய பின் அந்தச் சூட்டில் உள்ளே அடைபட்ட பெட்ரோல் விரிந்து, இறங்கிய அழுத்தம் மறுபடி ஏறுவதும் உண்டு. பட்டறைக்காரர்கள் ஸ்கேனர் பொருத்தி, ரெயில் அழுத்தம் உண்மையாகவே இறங்கியிருக்கிறது என்று திரையில் பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும். பல தயாரிப்பாளர்கள் உயர் அழுத்த உலோகக் குழாயை ஒருமுறை கழற்றினால் புதியதே போட வேண்டும் என்கிறார்கள். உங்கள் பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் தீ மட்டும் அன்று. இந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாக வரும் பெட்ரோல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவருக்கு முள் குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டுமே தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். வலிக்கவில்லை என்று காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் பெட்ரோல் உள்ளே ஏறியிருக்கிறது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விரலைக் காப்பாற்றுவது அந்த முதல் சில மணி நேரம்தான்.

கேள்வி: சிஎன்ஜி பொருத்திய பெட்ரோல் காரில் பம்ப் ஃபியூஸை எடுத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?
- வாசகர், சேலம்

பதில்: உங்கள் எஞ்சின் கேஸில் ஓடுகிறது, அதனால்தான். பெட்ரோல் குழாயில் உள்ள அழுத்தம் அப்படியே இருக்கும். மாற்று சுவிட்சைப் பெட்ரோலுக்குத் திருப்பி, பெட்ரோலில் ஓடுவதை உறுதி செய்த பிறகு ஃபியூஸை எடுங்கள். கேஸ் சிலிண்டரில் நிரப்பும் அழுத்தம் 200 பார். அதன் குழாய்கள், வால்வுகள் எதையும் வீட்டில் தொடக் கூடாது.

கேள்வி: எங்கட ஊரில் டாங்கைக் கழற்றுமுன் பெற்றோலை ரியூப் வைத்து வாயால் உறிஞ்சித்தான் எடுக்கிறவர்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாருக்கும் அது பழகிப் போச்சு. அழுத்தம் இறக்கின பிறகு இப்படி எடுக்கிறதில் ஆபத்து உண்டா? தற்செயலாக விழுங்கினால் அல்லது கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆபத்து உண்டு, குழாயில் அழுத்தம் இறங்கியிருப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வாயில் வந்த பெட்ரோல் ஒரு மிடறு நுரையீரலுக்குள் இறங்கினால் போதும், கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் கொடியது. அதனால்தான் விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது என்கிறோம். வாந்தியோடு மேலே வரும் பெட்ரோல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரும் பாலும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து, இருமலோ மூச்சுத் திணறலோ இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; உங்கள் நாட்டில் 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் கிடைக்கும். தமிழ்நாட்டு வாசகர்கள் 108ஐ அழைக்கலாம்.

கண்ணில் பட்டால் கசக்காமல், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, இமையைத் திறந்து பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, பிறகு கண் மருத்துவரிடம் செல்லுங்கள். உடையில் தெறித்தால் உடனே களைந்து, தோலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்த உடையோடு அடுப்படிக்கோ சிகரெட் பிடிப்பவர் அருகிலோ போகக் கூடாது. வெளியிலேயே காயவிட்டு, வாடை முழுவதும் போன பிறகு தனியாகத் துவையுங்கள்.

பெட்ரோலை எடுக்கத்தான் வேண்டுமென்றால், உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் கை பம்ப் ஒன்றைப் பயன்படுத்துங்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் டாங்கின் வாய்க்குழாயில் தடுப்பு இருப்பதால் ரியூப் உள்ளே போகாது. அதை வலுக்கட்டாயமாகச் செருகினால் தடுப்பு உடையும், ரியூப்பும் சிக்கிக்கொள்ளும். முன்கூட்டியே திட்டமிட்டு, வழக்கமான ஓட்டத்தில் டாங்கை வற்றவிட்டு, அடிமட்டத்தில் கொஞ்சம் இருக்கும்போது டாங்கைக் கழற்றுவதுதான் இவை எல்லாவற்றையும்விட எளிது.